முதல் டிராஃப்ட்டிலிருந்து லாக் வரை: பாடல் வீடியோ எடிட்டிங் கேள்வி – பதில்

மாணவர்கள் தயாரிக்கும் பாடல் வீடியோக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இங்கே. அடிக்கடி கேட்கப்படும் முதல் மூன்றுக்குச் சற்று விரிவாகவே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பாடல் 3 நிமிடம் 40 நொடி. கையில் இரண்டு மணி நேர ஃபுட்டேஜ். முதல் நிமிடத்தை மட்டும் கலர், எஃபெக்ட் எல்லாம் போட்டு முடித்துவிட்டேன். அதைத் தாண்டி நகர முடியவில்லை. முதல் டிராஃப்ட் தர இன்னும் ஆறு நாள்தான். என்ன செய்வது?

பதில்: முடித்த அந்த ஒரு நிமிடத்தை அப்படியே பத்திரப்படுத்திவிட்டுப் புது டைம்லைன் (ஷாட்களை வரிசையாக அடுக்கும் இடம்) திறவுங்கள். முதல் டிராஃப்ட்டுக்கு ஒரே கடமைதான்: பாடலின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஓட வேண்டும். அழகு அப்புறம். முதல் நிமிடத்திலேயே பட்டை தீட்டிக்கொண்டிருந்தால் நல்ல ஷாட்களெல்லாம் அங்கேயே செலவாகிவிடும். இரண்டாம் சரணத்துக்கு வரும்போது போட எதுவும் இருக்காது.

பாடலின் வேவ் ஃபைலை (சுருக்கப்படாத ஒலி ஃபைல்) இசையமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். எம்பி3-யை வைத்துத் தொடங்காதீர்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் மிகச் சிறிய மௌனம் ஒன்று ஒட்டிக்கொள்வது உண்டு. பின்னால் வேவ் ஃபைலை மாற்றிப் போடும் நாளில் மொத்தப் படமும் ஏறக்குறைய ஒரு ஃபிரேம் (வீடியோவின் ஒற்றைப் படம்) தள்ளி நிற்கும். ஆடியோ டிராக்கில் பாடலைப் போட்டு, அந்த டிராக்கைப் பூட்டிவிடுங்கள். பல்லவி, இடையிசை, சரணம் தொடங்கும் இடங்களில் வெவ்வேறு நிற மார்க்கர் வையுங்கள்.

அடுத்து, பாடகர் பாடும் டேக் (ஒவ்வொரு முறை எடுத்த பதிவு) எல்லாவற்றையும் பாடலோடு சிங்க் செய்து, அதாவது உதடும் ஒலியும் ஒத்துப்போகும்படி வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தூரத்திலிருந்து எடுத்த வைடு கீழே, இடுப்பளவு மிட் நடுவில், முகத்தை நெருங்கிய க்ளோஸ்அப் மேலே. இந்த வேலைக்கு ஒரு முழு நாள் போனாலும் போகட்டும். சிங்க் சரியாக இருந்தால், அதன்பின் எந்த இடத்தில் வெட்டினாலும் உதடு பிசகாது. அடுக்கியதை மல்டிகேம் கிளிப்பாக (பல கோணங்களை ஒன்றாகக் கட்டிய கிளிப்) மாற்றிக்கொண்டால் பாடல் ஓட ஓடவே கோணத்தை மாற்றலாம். பிறகுதான் கதைக் காட்சிகள். எடுக்காத காட்சி இருந்தால் அந்த இடத்தில் கறுப்புத் திரையில் ‘மாடிப்படி, க்ளோஸ்அப், 4 நொடி’ என்று எழுதி வைத்துவிட்டு மேலே போங்கள். அந்தக் கறுப்புத் திரைகள்தான் மறுபடி எடுக்க வேண்டியவற்றின் பட்டியல்.

ஒரு சின்னக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 220 நொடிப் பாடலில் ஒரு ஷாட் சராசரியாக 3 நொடி நின்றால் ஏறக்குறைய 73 ஷாட் வேண்டும். 2 நொடி என்றால் 110. இரண்டு மணி நேர ஃபுட்டேஜில் உண்மையிலேயே பயன்படக்கூடிய ஷாட் எத்தனை என்று எண்ணுங்கள். 60தான் தேறும் என்றால் வேகமான வெட்டு உங்களுக்குக் கட்டாது. இது முதல் நாளே தெரிந்துவிடுவது நல்லது.

கேள்வி: தொடக்கத்தில் லிப் சிங்க் கச்சிதமாக இருக்கிறது. பாடல் முடியும்போது உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கைபேசியில் எடுத்தோம். வைடு ஷாட்டை மட்டும் கேமராவில் எடுத்தோம். அதிலும் ஏதோ இடறுகிறது.

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். போகப் போக விலகுவது ஒன்று, தொடக்கம் முதல் ஒரே அளவில் விலகியிருப்பது மற்றொன்று.

போகப் போக விலகினால் முதலில் கைபேசியைச் சந்தேகப்படுங்கள். பல கைபேசிகள் வெளிச்சத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப ஃபிரேம் ரேட்டை (ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. சில எடிட்டிங் மென்பொருள்கள் அதை நிலையான ரேட் என்று எடுத்துக்கொள்வதால் சிங்க் நழுவுகிறது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றி, மாற்றிய ஃபைலை வைத்து மறுபடி சிங்க் செய்யுங்கள். இரண்டாவது காரணம் 23.976-க்கும் 24-க்கும் உள்ள குழப்பம். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் ஒன்றை மற்றொன்றாக ஓடவிட்டால் 220 நொடியில் 0.22 நொடி சேர்ந்துவிடும். அது ஐந்து ஃபிரேம், யார் கண்ணுக்கும் தெரியும். மூன்றாவதாக, படப்பிடிப்பில் ஓடவிட்டது பழைய டெமோவா, இறுதிப் பாடலா என்று விசாரியுங்கள். டெம்போ (பாடலின் வேகம்) மாறியிருந்தால் டேக்கை வரி வரியாக வெட்டித்தான் பொருத்த வேண்டும். வேறு வழியில்லை.

வைடு ஷாட்டில் இடறுவதற்குப் பெரும்பாலும் தூரமே காரணம். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் பாடகர் பக்கத்திலும் கேமரா 14 மீட்டர் தள்ளியும் இருந்தால், கேமரா மைக்குக்குப் பாடல் ஒரு ஃபிரேம் தாமதமாகவே வந்து சேரும். அந்த ஆடியோவை வைத்துத் தானியங்கி சிங்க் செய்தால் படம் ஒரு ஃபிரேம் முன்னால் போய்விடும். கிளிப்பை ஒரு ஃபிரேம் வலப்பக்கம் தள்ளுங்கள், சரியாகிவிடும்.

சரிபார்க்க எளிய வழி ப, ம எழுத்துகள். இரண்டுக்கும் உதடு முழுதாக மூடித்தான் திறக்கும். ‘ப’ வெடிக்கும் இடத்தை வேவ்ஃபார்மில் (ஒலி அலையின் படத்தில்) பிடித்து, உதடு திறக்கும் ஃபிரேம் அதற்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு டேக்குக்குத் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் பார்த்தால் போதும். ஒரு ஃபிரேம் இங்கா அங்கா என்று முடிவெடுக்க முடியாதபோது ஒலி படத்துக்குப் பின்னால் வரட்டும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே பார்வையாளர் உணர்ந்துவிடுவார். பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை உணர்வதில்லை. 25 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி.

கேள்வி: தாளத்துக்குத் தாளம் வெட்டினேன். ‘மெஷின் மாதிரி இருக்கிறது’ என்கிறார் ஆசிரியர். தாளத்தில் வெட்டாமல் வேறு எங்கே வெட்டுவது?

பதில்: உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. பாடலின் டெம்போ நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 0.6 நொடி, 25 ஃபிரேம் வீடியோவில் 15 ஃபிரேம். ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டினால் 220 நொடியில் 366 கட் வரும். பத்தே நொடியில் கண் அந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டுவிடும். அடுத்த கட் எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பிறகு எந்தக் கட்டும் உறைக்காது.

நான்கு தட்டுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று தளர்த்திப் பாருங்கள். ஆனால் அதைவிட முக்கியம், தாளத்தைத் தவிரவும் வெட்டுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்று உணர்வது. பாடகர் வரி தொடங்குமுன் மூச்சு இழுப்பார். முதல் சொல்லுக்கு நாலைந்து ஃபிரேம் முன்னால், அந்த மூச்சிலேயே முகத்துக்கு வந்துவிடுங்கள். திரும்புவது, எழுவது, கதவைத் தள்ளுவது போன்ற அசைவு நடந்துகொண்டிருக்கும்போதே வெட்டினால், தட்டு எங்கே விழுந்தாலும் கட் தெரியாது. தாளத்தில்தான் வெட்ட வேண்டும் என்ற இடத்தில் ஓரிரு ஃபிரேம் முன்னால் வெட்டிப் பாருங்கள். புதுப் படத்தைக் கண் வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அடி விழும்போது பார்வை அங்கே வந்து நின்றிருக்கும்.

வேக வெட்டைப் பாடல் முழுவதும் தெளிக்காமல் ஒரே ஓர் இடத்துக்கு எடுத்து வையுங்கள். கடைசிப் பல்லவிக்கு முந்தைய எட்டுத் தட்டு அதற்கு நல்ல இடம். அதற்கு முன்னால் ஐந்தாறு நொடி ஒரே ஷாட் நின்றிருந்தால் வேகம் இரண்டு மடங்காகத் தோன்றும்.

ஒரு தட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே நீளத்தைக் காப்பி எடுத்து ஒட்டாதீர்கள். டெம்போ 110 என்றால் ஒரு தட்டு 13.6 ஃபிரேம். 14, 14 என்று ஒட்டிக்கொண்டே போனால் எட்டுத் தட்டில் மூன்று ஃபிரேம் பின்தங்கிவிடும். மார்க்கர் வைத்து வெட்டுவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: இரண்டாம் டிராஃப்ட்டை எட்டுப் பேருக்குக் காட்டினோம். எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அவர்கள் சொல்லும் தீர்வை விட்டுவிட்டு, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையின் மூலையில் டைம்கோடு (நிமிடம், நொடி, ஃபிரேம் காட்டும் எண்) ஓடும்படி எக்ஸ்போர்ட் செய்து, ‘எங்கே கவனம் விலகியது, எங்கே குழம்பினீர்கள்’ என்ற இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே பத்து நொடிக்குள் தடுக்கினால் அங்கே கோளாறு இருக்கிறது. அந்த மூன்று பேரும் சொல்லும் மருந்து மூன்று விதமாக இருந்தாலும் பரவாயில்லை. ‘இந்த ஷாட் நீளம்’ என்பார்கள். உண்மையில் முந்தைய ஷாட்டில் விஷயம் புரிந்திருக்காது, அதனால் இது இழுப்பதுபோல் தோன்றியிருக்கும்.

நண்பர்களோடு கூடவே உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் வாயால் சொல்வதைவிட, எந்த நொடியில் கைபேசியை எடுக்கிறார்கள் என்பது நேர்மையான விமர்சனம். பாடலை ஏற்கெனவே நூறு முறை கேட்ட குழுவினரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு டிராஃப்ட்டுக்கும் முன் டைம்லைனை நகல் எடுத்து, எண்ணும் தேதியும் போட்டுச் சேமியுங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று பெயர் வைத்தால் ஒரு வாரத்தில் எது எது என்று தெரியாமல் போகும். மூன்றாம் டிராஃப்ட்டில் தூக்கியெறிந்த ஒரு தொடரை ஐந்தாம் டிராஃப்ட்டில் திரும்பத் தேடுவது எடிட்டிங்கில் வழக்கம். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று கூடவே இரண்டு வரி எழுதி வைத்தால், செய்முறை அறிக்கை எழுதும்போது கற்பனை செய்ய வேண்டியிருக்காது.

கேள்வி: சாதாரண வேகத்தில் எடுத்ததை ஸ்லோமோஷன் ஆக்கினால் துள்ளுகிறது. ஸ்லோமோஷனில் பாடகரின் உதடு மட்டும் சரியாக அசைவது எப்படி?

பதில்: 25 ஃபிரேமில் எடுத்ததைப் பாதி வேகமாக்கினால் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை காட்டப்படும். அதுதான் துள்ளல். எடிட்டிங் மென்பொருளில் உள்ள ஆப்டிகல் ஃப்ளோ என்ற வசதி இடைப்பட்ட ஃபிரேம்களைத் தானே வரைந்து தரும். ஆனால் விரல், பறக்கும் முடி, கம்பி வேலி போன்ற இடங்களில் படம் உருகி வழியும். பின்னணி வெறுமையாக இருக்கும் ஷாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு சரியாக அசைய, 50 ஃபிரேமில் படமெடுத்து, ஸ்பாட்டில் பாடலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாட வைக்க வேண்டும். அதை 25 ஃபிரேம் டைம்லைனில் பாதி வேகமாக்கும்போது உதடு பாடலோடு ஒட்டும். முடியும் துணியும் மட்டும் மிதக்கும். இரட்டை வேகத்தில் பாடுவது கடினம் என்பதால் நாலு வரிக்கு மேல் முயல வேண்டாம்.

கேள்வி: ஃபைன் கட் (கடைசி நுணுக்கத் திருத்தம்) முடிந்தபின் இசையமைப்பாளர் புது மிக்ஸ் அனுப்புகிறார். ‘நீளம் மாறவில்லை’ என்கிறார். நம்பலாமா?

பதில்: சோதித்துவிட்டு நம்புங்கள். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்த டிராக்கில் வைத்து, ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையின் மேடு பள்ளத்தை) தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். மிக்ஸில் தொடாத கருவிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மங்கிப்போகும், மாற்றிய கருவி மட்டும் தனித்துக் கேட்கும். எல்லாமே உரக்கக் கேட்டால் இரண்டும் நேராக நிற்கவில்லை, அல்லது பாடல் முழுவதும் மாறியிருக்கிறது. அப்போது முதல் டிரம் அடியையும் கடைசி டிரம் அடியையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள்.

கேள்வி: எப்போது கலர் செய்வது, என்ன அளவில் எக்ஸ்போர்ட் செய்வது?

பதில்: படம் லாக் ஆன பிறகுதான் கலர். லாக் என்றால் இனி ஒரு ஃபிரேம்கூட நகராது என்று குழுவில் எல்லோரும் ஒப்புக்கொள்வது. அதற்கு முன், பக்கத்து ஷாட்டோடு ஒட்டாமல் துருத்தும் வெளிச்சத்தை மட்டும் சமன் செய்தால் போதும். முழு கிரேடிங்கையும் (கலர் வேலையையும்) முன்கூட்டியே செய்துவிட்டால், மோசமான ஷாட்டைக்கூட ‘இவ்வளவு வேலை செய்தோமே’ என்று தூக்க மனம் வராது.

லாக்குக்கு முன் விட்டுவிட்டு மின்னும் இடங்களைப் பாருங்கள். கறுப்பு–வெள்ளைப் பளிச்சிடல் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வரக் கூடாது. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு அது உண்மையான ஆபத்து. அடர் சிவப்பு மின்னல் இன்னும் மோசம்.

யூடியூப்புக்கு என்றால் 1080 அளவில் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), நொடிக்கு 8 மெகாபிட் என்பது 24 முதல் 30 ஃபிரேம் வரையிலான வீடியோவுக்கு அந்தத் தளமே தரும் பரிந்துரை. இன்னும் கூடுதலாக, 16 வரை கொடுத்தாலும் தவறில்லை. இருட்டுக் காட்சியும் புகையும் இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், ஏஏசி (ஒலியைச் சுருக்கும் முறை), நொடிக்கு 384 கிலோபிட். பாடலின் கடைசிச் சுரம் எதிரொலித்து அடங்கும் வரை படம் கறுப்பிலாவது நிற்கட்டும். டைம்லைனின் அவுட் பாயிண்டை (எக்ஸ்போர்ட் முடியும் இடத்தை) அதற்குப் பிறகு ஒரு நொடி தள்ளி வையுங்கள். எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை வேறொரு கருவியில் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி வரை முழுதாகப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள். ரெண்டரில் (மென்பொருள் இறுதி ஃபைலை உருவாக்கும்போது) விழும் ஒற்றைக் கறுப்பு ஃபிரேம் டைம்லைனில் தெரியாது.