எந்தப் பண்டலில் இருந்து எடுத்தீர்கள்? – புள்ளியியல் கேள்வி பதில்

கே.வி.குப்பம் பக்கம் ஓர் ஊராட்சியில் 640 வீடுகள். எத்தனை சதவீத வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்பது என் கல்லூரி ஆய்வு. எத்தனை வீடு போதும்? பஸ் ஸ்டாப்பில் நின்று நூறு பேரைக் கேட்டால் முடிந்தது என்கிறாள் தோழி.
– மாணவி, கே.வி.குப்பம்

தோழி சொல்வதைக் கேட்காதீர்கள். காலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள். கழனிக்குப் போகிறவரும் வீட்டோடு இருக்கும் பாட்டியும் அங்கே வரமாட்டார்கள். நூறை ஆயிரமாக்கினாலும் இந்தக் கோணல் நிமிராது. 1936 அமெரிக்கத் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். டெலிபோன் டைரக்டரியிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் முகவரி பொறுக்கியதன் பலன் அது. பதில் அனுப்பாதவர்களின் மனசு வேறாக இருந்ததும் ஒரு காரணம்.

இனி எண்ணிக்கை. 95 சதவீத நம்பிக்கையில் (இப்படி 100 தடவை ஆய்வு செய்தால் சுமார் 95 தடவை விடை பிழை எல்லைக்குள் விழும்), கூட்டியும் குறைத்தும் 10 சதவீதப் புள்ளிப் பிழை போதுமென்றால்: 1.96-இன் வர்க்கம் × 0.25 ÷ 0.01 = 96.04, அதாவது 97. (1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கான எண். 0.25 என்பது 0.5 × 0.5, பாதிப் பேர் காய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொண்டது. 0.01 என்பது 10 சதவீதத்தின், அதாவது 0.1-இன் வர்க்கம்.) மொத்தமே 640 வீடுகள்தான் என்பதால் 97 ÷ (1 + 96/640) = 84.3, 85 வீடு வேண்டும். பிழையை 5 புள்ளிக்குக் குறைக்க நினைத்தால் 241 வீடு ஏறி இறங்கவேண்டும். ஒற்றை ஆளுக்கு 85-தான் சரி.

வீட்டு வரிப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். புது வீடும் ஓரத்துக் குடிசையும் அதில் விட்டுப்போயிருக்கலாம். ஒரு நாள் நடந்து, குக்கிராமங்களையும் சேர்த்து, தெருவரிசையாக 1 முதல் 640 வரை எண் போடுங்கள். 1 முதல் 7 வரை சீட்டெழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 4 வந்தால் 4, 11, 18 என்று ஏழேழாகத் தாவுங்கள். 91 வீடு கிடைக்கும். ஒன்றிரண்டு தவறினாலும் தாங்கும். தெருவரிசையில் எண் போட்டதால் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் அதனதன் அளவுக்கு ஏறக்குறைய பங்கும் வந்துவிடும்.

பலர் சறுக்குவது பூட்டிய வீட்டில். பக்கத்து வீட்டைப் பிடித்துக் கணக்கை நிரப்பிவிடுவார்கள். பகலில் பூட்டியிருப்பது கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. காய்ச்சி ஆறவைக்க நேரமில்லாத வீடாகவும் இருக்கலாம். காலை, மாலை, ஞாயிறு என்று மூன்று முறை போங்கள். அப்போதும் இல்லையென்றால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி, எத்தனை வீடு அப்படி என்பதை ஆய்வறிக்கையில் காட்டுங்கள்.

தீப்பெட்டியில் 50 குச்சி என்று அச்சடிக்கிறோம். 36 பெட்டியைப் பிரித்து எண்ணினால் சராசரி 48.9, திட்ட விலக்கம் 2.4. நிஜமாகவே குறைகிறதா, தற்செயலா?
– வாசகர், குடியாத்தம்

கணக்கு இரண்டு வரிதான். பெட்டிக்குப் பெட்டி எவ்வளவு ஆடுகிறது என்பது திட்ட விலக்கம்; சராசரி எவ்வளவு ஆடும் என்பது திட்டப் பிழை. திட்டப் பிழை = 2.4 ÷ √36 = 0.4. (48.9 – 50) ÷ 0.4 = –2.75, இதுதான் டி மதிப்பு. ‘சராசரி 50-தான்’ என்பது இல் எடுகோள், அதாவது ‘வித்தியாசம் ஏதும் இல்லை’ என்று முதலில் வைத்துக்கொள்ளும் அனுமானம். அது உண்மையென்றால் 36 பெட்டிக்கான டி மதிப்பு 100-க்கு 95 தடவை –2.03-க்கும் +2.03-க்கும் நடுவில் விழும். உங்களுடையது வெளியே விழுந்திருக்கிறது. குறைவு தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சராசரிக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 48.1 முதல் 49.7 வரை. இது சராசரிக்குரியது, தனிப் பெட்டிக்கல்ல. தனிப் பெட்டிகள் ஏறக்குறைய 44-க்கும் 54-க்கும் இடையே ஆடும். வாடிக்கையாளர் கையில் கிடைப்பது அந்த 44-ஆகவும் இருக்கலாம்.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது: 36 பெட்டியும் எங்கிருந்து வந்தன? ஒரே பண்டலில் இருந்தென்றால் மேலே போட்ட கணக்கு செல்லாது. ஒரே கை, ஒரே நேரத்தில் அடைத்த பெட்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். 36 என்பது பேருக்குத்தான். வெவ்வேறு நாள், வெவ்வேறு ஆள் அடைத்த 36 பண்டல்களைக் குலுக்கி எடுத்து, பண்டலுக்கு ஒரு பெட்டி பிரித்து மறுபடி எண்ணுங்கள்.

முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புது உரம் போட்டுப் பார்த்தேன். ஐந்து பாத்தியிலும் ஒரு பாதிக்குப் புதுசு, மறுபாதிக்குப் பழசு. புது உரத்தில் கூடுதல் விளைச்சல் கிலோவில் 3, 1, 4, –1, 3. வேளாண்மை படிக்கும் பையன் ‘வித்தியாசமே இல்லை’ என்கிறான். நாலு பாத்தியில் கூடியிருக்கிறதே!
– விவசாயி, இலவம்பாடி

பையனின் கணக்கு சரி, பேச்சு தப்பு. சராசரி 2 கிலோ, திட்ட விலக்கம் 2, திட்டப் பிழை 2 ÷ √5 = 0.89, டி = 2.24. ஐந்து பாத்திக்கு எல்லைக்கோடு 2.78, தாண்டவில்லை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி –0.5 முதல் 4.5 கிலோ வரை. ‘ஒன்றுமில்லை’ என்பதும் அதற்குள் இருக்கிறது, ‘நாலு கிலோ லாபம்’ என்பதும் இருக்கிறது. வித்தியாசம் இல்லை என்று நிரூபணமாகவில்லை. சொல்லப் போதிய பாத்தி இல்லை. உண்மையில் 2 கிலோ கூடுதலும் இதே ஏற்ற இறக்கமும் இருந்தால், பத்துப் பாத்தி போட்டால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு உண்டு.

சின்ன மாதிரிக்கான இந்த டி கணக்கை 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். நாலைந்து அளவீட்டை வைத்து முடிவெடுக்க வேண்டிய அதே சங்கடம்தான் அவருக்கும்.

அடுத்த போகத்தில் எந்தப் பாதிக்குப் புது உரம் என்பதைப் பாத்திக்குப் பாத்தி காசு சுண்டி முடிவுசெய்யுங்கள். வாய்க்கால் பக்கத்துப் பாதிக்கே எப்போதும் புது உரம் போட்டால், காய்த்தது உரத்தாலா தண்ணீராலா என்று தெரியாது.

பி மதிப்பு 0.03 என்றால் இல் எடுகோள் உண்மையாக இருக்க 3 சதவீத வாய்ப்பு, சரிதானே?
– வாசகர், காட்பாடி

இல்லை. இல் எடுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிட விலகியோ ஒரு முடிவு வர 3 சதவீத வாய்ப்பு. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935-இல் எழுதிய உதாரணம்: பாலை முதலில் ஊற்றினார்களா டீயையா என்று ருசித்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண். எட்டுக் கோப்பை, நாலு அப்படி, நாலு இப்படி. வெறும் ஊகத்தில் எல்லாம் சரியாக விழ 70-க்கு 1 வாய்ப்பு, 0.014. ‘பால் முதல்’ என்று பொறுக்கிய நாலில் ஒன்று தப்பினாலே, குறைந்தது மூன்று சரியாக விழும் வாய்ப்பு 70-க்கு 17 ஆகிவிடும்; அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 கேள்விகளுக்கும் 5 சதவீத நிலையில் (பி மதிப்பு 0.05-க்குக் கீழே போனால் ‘விஷயம் இருக்கிறது’ என்று வைத்து) தனித்தனிச் சோதனை போட்டால், எதிலும் விஷயமே இல்லாதபோதுகூட ஒன்றாவது ‘ஆஹா’ என்று வர 64 சதவீத வாய்ப்பு. எந்தக் கேள்வி முக்கியம் என்பதை எக்செல்லைத் திறப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள்.