லேசரின் பிடியில் செல் காயப்படுமா?

கேள்வி: லேசர் ஒளியால் உயிருள்ள செல்லைப் பிடித்து நகர்த்தவும் இழுக்கவும் முடியும் என்று படித்தேன். அந்த விசை செல்லைச் சேதப்படுத்தாதா?

பதில்: விசையைவிட ஒளியே பெரும்பாலும் செல்லுக்கு ஆபத்தாகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் ஆஷ்கின் 1987இல் பாக்டீரியாக்களை லேசர் கற்றையின் குவியத்தில் பிடித்து நிறுத்தியபோது, பச்சை நிற ஒளியில் அவை இறந்துபோயின. செல் அதிகம் உட்கவராத, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளிக்கு மாறியதும் அவை பிடியில் இருந்தபடியே பெருகின. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை அதுதான். இப்பணிக்காக 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்படி லேசர் கற்றையால் பிடிக்கும் கருவியான ஒளியிடுக்கி தரும் விசை வழக்கமாகச் சில பிக்கோநியூட்டன் முதல் நூறு பிக்கோநியூட்டன் வரை இருக்கும். ஒரு பிக்கோநியூட்டன் என்பது ஒரு நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. செல்லுக்குள் சரக்கு சுமந்து செல்லும் கைனசின் என்னும் புரதமே ஐந்தாறு பிக்கோநியூட்டன் எதிர்விசை வரை தாக்குப்பிடித்து, 8 நானோமீட்டர் அளவுள்ள அடிகளாக நடக்கிறது. ஆகவே ஒளியின் இழுப்பு, செல் அன்றாடம் தனக்குள் சந்திக்கும் விசைகளுக்கு அந்நியமானதன்று. சிவப்பணுவின் இரு பக்கமும் நுண்மணிகளை ஒட்டி, அவற்றை லேசரால் பிடித்துச் சில நூறு பிக்கோநியூட்டன் வரை இழுத்தாலும், அதன் சவ்வுக்கு அடியிலுள்ள ஸ்பெக்ட்ரின் என்னும் புரத வலைப்பின்னல் நீண்டுகொடுத்து, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. மலேரியா ஒட்டுண்ணி புகுந்த அணு அப்படி நெகிழ்வதில்லை. அந்த விறைப்பை இழுத்துப் பார்த்தே அளந்துவிடலாம்.

எனினும், கிழியவில்லை என்பதற்காகச் செல் ஒன்றையும் உணரவில்லை என்று கொள்ளக் கூடாது. சவ்வு இழுபடும்போது அதிலுள்ள பியேசோ1 போன்ற அயனி வாயில்கள் (அயனிகளை உள்ளே விடும் புரதங்கள்) திறந்து கால்சியத்தை உள்ளே விடுகின்றன. சவ்வை உள்ளிருந்து தாங்கும் ஆக்டின் என்னும் புரத இழைகளும் தம்மை மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. இழுப்பு நீடிக்க நீடிக்க, நாம் அளப்பது இயல்பான செல்லை அல்ல, இழுப்புக்கு மறுமொழி கூறிக்கொண்டிருக்கும் செல்லையே என்பதைச் சோதனை செய்பவர்கள் மறக்கக் கூடாது.

வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளியில் 100 மில்லிவாட் திறனுக்குச் செல்லின் வெப்பநிலை ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ்தான் உயர்கிறது. அதைவிடக் கவலைக்குரியது, ஒளி ஆக்சிஜனுடன் சேர்ந்து உண்டாக்கும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் செல்லுக்கு விளைவிக்கும் கேடு. இதனால்தான் சில ஆய்வகங்களில் ஆக்சிஜனை அகற்றிய கரைசலில் பாக்டீரியாக்களைப் பிடிக்கிறார்கள். ஆக்சிஜன் இல்லாமல் வாழ முடியாத செல்களுக்கு அந்த வழி பயன்படாது என்பதால், திறனைக் குறைத்து, பிடித்திருக்கும் நேரத்தையும் சுருக்குகிறார்கள்.