மலையேறுவோர் கேள்வி–பதில்: வெயில் நாளில் பனிச்சரிவு

கேள்வி: பத்து நாளாகப் புதுப்பனி இல்லை, பகலெல்லாம் வெயில். பழைய பனி இறுகிவிட்டது, இனி பனிச்சரிவு பயமில்லை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: காலையில் நம்பலாம், மதியம் கூடாது. பகலில் உருகி இரவில் உறைந்த பனி விடியும்போது கல் மாதிரி இருக்கும். மேலே கட்டிய ஓடுதான் அடியில் உள்ள ஈரப் பனியைப் பிடித்து வைத்திருக்கிறது. வெயில் ஏற ஏற ஓடு இளகும், பிடி விடும்.

எனவே முதலில் விசாரிக்க வேண்டியது முந்தைய இரவை. வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். காற்று 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் பனி உறையும். மேகம் போர்த்திய இரவில் அப்படி நடக்காது. வெப்பமானியை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கைத்தடியை ஊன்றிப் பாருங்கள். மெல்லிய ஓட்டை உடைத்துக்கொண்டு சொதசொதப்பான பனிக்குள் தடி இறங்கினால் அன்றைய பயணத்தை அப்போதே சுருக்கிவிடுங்கள்.

சுற்றிலும் பனிமூட்டமாகப் பள்ளத்தாக்கு குளிர்ந்து கிடக்கும்போது மேலே வெதுவெதுப்பாக இருப்பதும் உண்டு. கூடாரத்துக் குளிரை வைத்து உச்சியை எடை போடாதீர்கள்.

கேள்வி: எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

பதில்: கடிகாரத்தைவிடச் சாய்வின் திசையைப் பாருங்கள். வட அரைக்கோளத்தில் கிழக்கு பார்த்த சாய்வு முதலில் இளகும், நடுப்பகலில் தெற்கு, பிற்பகலில் மேற்கு. பலகைச் சரிவு என்பது பனியின் ஓர் அடுக்கு பலகை போல மொத்தமாகப் பெயர்ந்து வழுக்குவது. அவற்றில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் கிளம்புகின்றன. நீங்கள் நிற்கும் இடம் 20 டிகிரியாக இருந்து என்ன பயன், தலைக்கு மேலே 38 டிகிரி தொங்கினால்?

கால்தான் நல்ல அளவுகோல். பூட்ஸ் கணுக்கால்வரை புதைந்தால் திரும்பும் நேரம். முழங்காலுக்குப் பாதிவரை புதைந்தால் தாமதமாகிவிட்டது. ஒரு பிடி பனியை எடுத்துப் பிழியுங்கள், நீர் சொட்டினால் உள்ளே நீர் இறங்கத் தொடங்கியாயிற்று. சாய்வில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவதும் பாறையோரப் பனி கொட்டுவதும் அதே எச்சரிக்கைதான். இதுவரை நனையாத பனி முதன்முறை நனையும் நாள் மிக மோசமானது: இறங்கும் நீர் உள்ளே ஒரு கெட்டியான அடுக்கின்மேல் தேங்கி, அதற்கு மேலுள்ளதை எல்லாம் வழுக்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் நிழலான வடக்குச் சாய்வில் போகலாமே?

பதில்: வெயில் தொல்லை அங்கே குறைவு, தொல்லை வேறு. காற்றில் ஈரம் உள்ள தெளிந்த இரவுகளில் மேற்பரப்பில் இறகு போன்ற படிகங்கள் பூக்கும். பனிக்குள் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கும் 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறினால் உள்ளே பனி சர்க்கரை போல உதிரியாகும். இன்று இவை தாங்கும். ஆனால் அடுத்த பனிப்பொழிவு இவற்றின்மேல்தான் உட்காரும். அதற்கு முன்பே பார்த்து எந்தச் சாய்வில், எந்த உயரத்தில் என்று குறித்து வையுங்கள், பிறகு மூடிவிடும்.

இங்கே குழி தோண்டிப் பார்ப்பது பயன் தரும். குறுக்கே 30 செ.மீ., சாய்வின் உட்புறமாக 30 செ.மீ. அளவில் தனித்து நிற்கும் தூணை வெட்டி, மேலே மண்வெட்டியை வைத்து மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளால் 10 தட்டு தட்டுங்கள். சில தட்டிலேயே ஓர் அடுக்கு சட்டென்று வழுக்கினால் அந்தச் சாய்வை விட்டுவிடுங்கள். ஈரப் பனியில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்: காலையில் கிடைத்த விடை ஒரு மணி நேரத்தில் மாறிப்போகும்.

கேள்வி: புல்வெளிச் சாய்வில் தரை தெரியும்படி பனி வாய் பிளந்திருக்கிறது. சரியும் அறிகுறியா?

பதில்: பனி மொத்தமும் தரைமேல் வழுக்கி நகர்கிறது என்பதன் அறிகுறி. இன்றும் விழலாம், பல வாரம் கழித்தும் விழலாம், இரவிலும் விழலாம். நாம் ஏறி நின்றுதான் விழ வேண்டும் என்பதில்லை. அதன் அடியில் இளைப்பாற உட்காராதீர்கள், சுற்றிப் போங்கள்.