சூப்பில் பிரியாத டம்ப்ளிங், குழையாத நூடுல்ஸ்

கேள்வி: பெங்களூரில் படிக்கும் மகள் வீகனாக மாறிவிட்டாள். மீன், முட்டை, பால், தேன் எதையும் தொடுவதில்லை. விடுமுறைக்கு வந்தவளுக்காக நூடுல்ஸும் டம்ப்ளிங்கும் போட்ட சூப்பை எல்லாமே வீட்டு மாவில் செய்துபார்த்தேன். சூப்பில் ருசியே இல்லை. டம்ப்ளிங் பிரிந்து பூரணம் வெளியே வந்துவிட்டது. நூடுல்ஸும் குழைந்துவிட்டது. கொழுக்கட்டைக்குச் செய்வது போலக் கொதிநீர் விட்டுத்தான் மைதாவைப் பிசைந்தேன். எங்கே பிழை? (தக்கலையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: டம்ப்ளிங் ஏன் பிரிந்தது என்பதற்கான விடை நீங்கள் கடைசியாகச் சொன்னதிலேயே இருக்கிறது சகோதரி. கொழுக்கட்டைக்கு எடுக்கும் அரிசி மாவில் குளூட்டன் என்ற புரதம் கிடையாது. கொதிநீர் பட்டதும் அதிலுள்ள ஸ்டார்ச் பாதி வெந்து பசையாகி மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஆடிச் செவ்வாயில் ஔவையாரம்மன் கோயிலில் கொழுக்கட்டை அவிக்கும் நம் பெண்களுக்கு இது கைப்பழக்கம். மைதாவுக்குப் பிடிப்பைத் தருவது குளூட்டன்தான். கொதிநீர் அதைக் கெடுத்துவிடும். அப்படிப் பிசைந்த மாவு மெத்தென்று இருக்கும். ஆவியில் அவிக்கவும் கல்லில் வாட்டவும் நல்லது. கொதிக்கிற தண்ணீரில் புரளும்போது தாங்காது. சீனச் சமையலிலும் தண்ணீரில் வேகவைக்கும் டம்ப்ளிங்குக்குப் பச்சைத் தண்ணீர் மாவுதான்.

200 கிராம் மைதா, 100 மி.லி. பச்சைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். சின்னச் சின்ன வட்டமாக, நடுவில் கொஞ்சம் தடிமனும் ஓரத்தில் மெல்லிசுமாகத் தேயுங்கள்.

பூரணத்தில் ஈரம் இருந்தாலும் ஓரம் ஒட்டாது. 250 கிராம் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்பு பிசறி, கால் மணி நேரம் கழித்து ஒட்டப் பிழியுங்கள். டோஃபு என்றால் பாரம் வைத்து நீரை வடியுங்கள். எனக்கு இதற்கெல்லாம் மேலாகப் பிடித்தது நம்மூர் இடிச்சக்கை, அதாவது பிஞ்சுப் பலாக்காய். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, உரலில் நார் நாராக இடித்து, இஞ்சியும் நல்லமிளகுத்தூளும் சோயா சாஸும் சேர்த்து ஈரம் போக வதக்குங்கள். நம் நல்லெண்ணெய்க்குச் சீன எள்ளெண்ணெயின் வறுத்த மணம் வராது. இரண்டு டீஸ்பூன் எள்ளைச் சிவக்க வறுத்துப் பொடித்துப் போட்டால் அந்த மணம் கிடைக்கும். நன்றாக ஆறிய பிறகு வைத்து, உள்ளே காற்று நிற்காமல் அழுத்தி மூடுங்கள்.

அடுத்தது சூப்பின் ருசி. எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் வீகன் சமையலைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கடலோர மாவட்டத்தில் வளர்ந்த நாக்கு நமக்கு. குழம்புக்கு ஆழம் தருவது மீனும் கருவாடும். ஜப்பானிலும் கொரியாவிலும்கூடக் காய்ந்த நெத்திலியில் சூப்புத் தண்ணீர் எடுப்பது வழக்கம். அதை எடுத்துவிட்டு வெறும் கேரட்டையும் பீன்ஸையும் வேகவைத்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். மீனிலிருந்து வருவது இனோசினேட் என்ற ருசிப் பொருள். அதே வேலையைச் செய்யும் குவானிலேட் காய்ந்த ஷிடாகே காளானில் இருக்கிறது. கொம்பு என்ற கடல்பாசியில் குளூட்டமேட் என்ற இன்னொரு ருசிப் பொருள் இருப்பதை 1908-இல் கிகுனே இகேடா கண்டறிந்தார். காளானில் குவானிலேட் இருப்பதை 1957-இல் அகிரா குனினாகா கண்டறிந்தார். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்கு கூடுகிறது.

நாலு பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 25 கிராம் காய்ந்த ஷிடாகே, 10 கிராம் கொம்பு. இவற்றை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவிடுங்கள். காலையில் மிகச் சிறு தீயில் சூடேற்றுங்கள். காளானில் குவானிலேட் உருவாவது 60, 70 டிகிரி வாக்கில்தான். அவசரமாகக் கொதிக்கவிட்டால் அது குறைந்துவிடும். கொதி வருவதற்கு முன் கொம்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். அப்புறம் தீயில் கருகச் சுட்ட பல்லாரி (பெரிய வெங்காயம்), தட்டிய இஞ்சி, பூண்டு, முட்டைக்கோஸ் தண்டு போட்டு 40 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ் விடுங்கள். ஊறிய காளானை நறுக்கிப் பூரணத்தில் சேர்க்கலாம்.

ஷிடாகே, கொம்பு இரண்டும் ஆன்லைனில் கிடைக்கும். மளிகைக் கடையில் கடற்பாசி என்று விற்கும் அகர் அகர் கொம்புக்கு மாற்று ஆகாது. அது ஜெல்லி மாதிரி உறைய வைக்குமே தவிர ருசி தராது. கொம்பு இல்லாவிட்டால் பழுத்த தக்காளி இரண்டை எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதிலும் குளூட்டமேட் உண்டு. ஷிடாகேக்குப் பதில் சிப்பிக் காளானை மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். ருசி கொஞ்சம் மட்டம்தான், ஆனாலும் வெறும் காய்த் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். நம் குமரி மாவட்டத்தில் மழை இரண்டு பருவமும் பெய்வதால் பங்குனி, சித்திரையிலேயே காயவைத்து டப்பாவில் போட்டுக்கொள்வது நல்லது.

நூடுல்ஸ் குழையாமல் இருக்க இரண்டு காரியம்: தண்ணீர் குறைவாக, மாவில் கொஞ்சம் காரம். காரம் என்றது மிளகாயை அல்ல, சோடாவை. சமையல் சோடாவை ஸ்டீல் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம். 10 கிராம் வைத்தால் ஆறு கிராமுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும், அதுதான் பக்குவம். வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் எரியும். இதில் 3 கிராமும் உப்பு 3 கிராமும் 130 மி.லி. தண்ணீரில் கரைத்து 300 கிராம் மைதாவில் பிசறுங்கள். புட்டு மாவு போல உதிரியாக இருக்கும். பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அரை மணி நேரம் மூடி வைத்தால் தானே இளகும், பிறகு அழுத்திப் பிசைந்து, தேய்த்து, சோளமாவு தூவி மடித்து நறுக்குங்கள். லேசான மஞ்சள் நிறம் தானாக வரும். ஓவன் இல்லையென்றால் சோடாவை விட்டுவிடுங்கள். நூடுல்ஸ் மிருதுவாக இருக்கும், குழையாது.

கடைப் பொருள் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் நம்ப வேண்டாம். பால் பவுடர் சேர்த்ததற்கும் பச்சைப் புள்ளிதான். 2022-இல் வந்த விதிகளின்படி வீகன் உணவுக்குத் தனிச் சின்னம் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

கடைசியாக, எதையும் சூப்பிலேயே வேகவைக்காதீர்கள், மாவு கரைந்து சூப் கலங்கிவிடும். தனிப் பானையில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, நூடுல்ஸை இரண்டு நிமிடத்தில் எடுத்து அலசுங்கள். டம்ப்ளிங்கைப் போட்டுக் கொதி வந்ததும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் விடுங்கள். மறுபடி கொதித்ததும் இன்னொரு முறை. மேலே மிதந்து வந்ததும் கிண்ணத்தில் எடுத்து, சூடான சூப்பை ஊற்றிப் பரிமாறுங்கள். மிஞ்சிய டம்ப்ளிங்கை வேகவைக்காமல் தட்டில் தனித்தனியாக ஃப்ரீசரில் உறையவிட்டு, பிறகு கவரில் போட்டு வைத்தால், மகள் கேட்கிற நாளில் அப்படியே எடுத்துக் கொதிநீரில் போடலாம்.