புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா.

போன சனிக்கிழமை பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகனை, நம்ம தம்பியைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை வரை வந்தீர்கள். பேசி முடிப்பதற்குள் உங்களுக்கு மீன் கடை போடும் நேரம் வந்துவிட்டது. "ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் புக்கும் கையுமாத்தான் இருக்கான் சார். மார்க்குதான் வரல. பெரம்பூர்ல வேற டியூஷன்ல சேர்த்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். அப்புறம் அவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

டியூஷனை மாற்ற வேண்டாம், அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும். தம்பி சோம்பேறி இல்லை. நன்றாகவே படிக்கிறான். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்த பழக்கம்தான் அவனுக்கு இல்லை.

அவனுடைய இயற்பியல் புத்தகத்தின் முதல் அலகில் வரிக்கு வரி மஞ்சள் மார்க்கர் ஓடியிருக்கிறது. "வான் டி கிராஃப் மின்னியற்றி வருமா?" என்று கேட்டேன். மிக அதிக மின்னழுத்தத்தை உண்டாக்கும் கருவி அது. "அது நல்லா வரும் சார், நாலு தடவை படிச்சிட்டேன்" என்றான். புத்தகத்தை வாங்கி மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். பெரிய கோளம், தாங்கும் தூண், இரண்டு கப்பி, நடுவில் பட்டை எல்லாம் சரசரவென்று வந்தன. இரண்டு சீப்பு வடிவக் கடத்திகள் வர வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கூர்மையான முனை வழியாக மின்னூட்டம் கசிவதைச் சொல்லும் கூர்முனைச் செயல்பாடு என்ற சொல்லே வரவில்லை. அந்தக் கருவி வேலை செய்வதே அந்த இடத்தில்தான். தம்பியின் முகம் வாடிவிட்டது. ஐந்து நிமிடம் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லி, மறுபடி மூடி எழுதச் சொன்னேன். இந்த முறை சீப்பு இரண்டும் வந்தன. இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள், சொல்வான்.

நாலு தடவை வாசித்தால் பக்கம் பழகிப்போகும். பழகியதைத் தெரிந்துவிட்டதாக மனசு எடுத்துக்கொள்ளும். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. உங்களுக்கு இது புதிதாக இருக்காது. யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிறீர்களே, தினமும் மனசிலிருந்து எடுத்துக் கேட்பதால்தானே அது நிற்கிறது?

அடுத்தது நேரம். அரையாண்டு இயற்பியல் விடைத்தாளைப் பார்த்தேன். மின்காந்தத் தூண்டலில் வரும் லென்ஸ் விதி இரண்டு மார்க் கேள்வி. அதற்கு முக்கால் பக்கம் எழுதியிருக்கிறான். கடைசியில் இரண்டு ஐந்து மார்க் கேள்விகளுக்கு வெறும் எண் மட்டும் போட்டு விட்டிருக்கிறான். அங்கேயே பத்து மார்க் போய்விட்டது. கேட்டால் "தெரியும் சார், டைம் பத்தல" என்கிறான்.

இயற்பியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். ஒரு மார்க் 15, இரண்டு மார்க்கில் 6, மூன்று மார்க்கில் 6, ஐந்து மார்க்கில் 5 எழுத வேண்டும். மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். ஒரு மார்க் பகுதியைக் கால் மணியில் முடித்து, இரண்டு மார்க்குக்கு 5 நிமிடம், மூன்று மார்க்குக்கு 8, ஐந்து மார்க்குக்கு 14 என்று வைத்தால் 163 நிமிடம் ஆகும். மிச்சம் 17 நிமிடத்தில் விடுபட்டதைப் பார்க்கலாம். இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் பகுதிக்கு ஒரு கட்டாய வினா உண்டு, அதைத் தாண்டிப் போகவே கூடாது. வினாத்தாள் படிக்கத் தனியாகத் தரும் 10 நிமிடத்தில் எதை எழுதுவது, எதை விடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

மார்ச் பொதுத்தேர்வு வரை தம்பி செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அன்றைய பாடத்தில் ஒரு ஐந்து மார்க்கைப் பார்க்காமல் எழுதட்டும். விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேர்க்கட்டும். அதையே மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்து நாள் கழித்து ஒரு தடவை எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் எழுத வேண்டும். வீட்டில் டிவி சத்தம் என்றால் மொட்டை மாடி, வெயில் ஏறிவிட்டால் கிளை நூலகம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "எனக்குப் படிப்பு தெரியாது" என்றீர்கள். தமிழ் வாசிக்க வரும் அல்லவா, அது போதும். புத்தகத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். மீன் கழுவிக்கொண்டே கூடக் கேட்கலாம். அவன் திணறினால் திட்டாமல், அந்தக் கேள்விக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இன்னொன்று மனசைச் சங்கடப்படுத்தியது. பன்னிரண்டு மணிக்குப் படுக்கிறவன், நீங்கள் விடியற்காலை மூன்றுக்கு மீன் ஏலத்துக்குக் கிளம்பும் சத்தத்தில் எழுந்துவிடுகிறானாம். அதற்குப் பிறகு தூக்கம் வராமல் போனைப் பார்க்கிறான். பிள்ளை மூன்று மணி நேரம்தான் தூங்குகிறான் அம்மா. தூக்கத்தில்தான் படித்தது மூளையில் பதிகிறது. பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள், போன் உங்கள் பையில் வரட்டும். நீங்கள் கதவைச் சாத்தியதும் அவன் திரும்பப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் போதும்.

பொறியியல் கனவு போய்விட்டதா என்று கேட்டீர்கள். போகவில்லை. பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மார்க் 200-ல் கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்பதால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதற்கான சான்றைப் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள்.

முதல் திருப்புதல் தேர்வு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை தம்பியைத் தனியாகவே அனுப்புங்கள், நீங்கள் வியாபாரத்தை விட்டு வர வேண்டாம். விடைத்தாளும், சிவப்புப் பேனாவில் திருத்திய நோட்டும் கையில் இருக்கட்டும். அவன் எழுதிக் கொடுத்த அந்த இரண்டு மின்னியற்றிப் படங்களையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.