விடுப்பிலும் விடாத அலுவலக அழைப்பு

அலுவலகக் கணக்கைப் பார்க்கும் உங்களை விடுப்பு நாளிலும் மேலாளர் விடாமல் அழைக்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விடுப்பு நாளில் கணக்கு முடித்துக் கொடுத்திருந்தால், அந்த நாளை உங்கள் விடுப்பில் கழிக்காமல் திரும்ப வரவு வைக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். வேலையையும் வாங்கிக்கொண்டு விடுப்பையும் கழிப்பது முறையன்று. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு அடுத்த ஆண்டில் ஊதியத்துடன் 12 நாள் விடுமுறை உண்டு. தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் அதில் சேரா.

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் பொங்கல் பானை பொங்கும் நேரத்தில் மேலாளர் விடாமல் அழைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். (அந்த நாளின் அருமை வெளியூர்க்காரரான அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.) காரணம் பெரும்பாலும் வன்மமாக இராது, டேலி என்ற கணக்கு மென்பொருளின் கடவுச்சொல்லும், எந்த லாரிக்கு எந்தப் பில் என்ற விவரமும் உங்கள் ஒருவரிடமே இருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள்.

கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று எதிரே குறித்துப் பாருங்கள். விவரம் கேட்டு வந்தவையே மிகுதி என்றால், அடுத்த முறை விடுப்புக்கு முந்தைய நாளே அவற்றை எழுதிச் சக ஊழியர் ஒருவரிடம் ஒப்படைத்து, மாலையில் ஒருமுறை மட்டும் பேசுவதாக மேலாளரிடம் சொல்லிவிடலாம். "வேலை எதுவரை வந்தது?" என்ற விசாரிப்புகளே மிகுதி என்றால், அது மேலாளருடைய பழக்கம், எழுதிக் கொடுத்தாலும் நிற்காது.

கழித்த விடுப்பைத் திரும்பத் தர மறுத்தால் புகார் செய்யலாம், ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு மேலே சொன்ன கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தாது. ஆகவே, நியமனக் கடிதத்தில் உங்கள் பதவி எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகே திருநெல்வேலித் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.