கடைத்தெருவும் வகுப்பறையே

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்கள் நுகர்வோர் உரிமைகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள், கடையில் ஏமாந்தாலோ பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். எப்படிக் கற்பிப்பது?
- ஓர் ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: உரிமைகளின் பட்டியலை விட்டுவிட்டு, பொருளிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு வாங்கிய அல்வா, மிக்சர் உறைகளை மாணவர்கள் கொண்டுவந்து, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, தயாரிப்பாளர் முகவரி, 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவற்றைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். உறையில்லாமல் விற்கப்படும் கருப்பட்டியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அதில் சர்க்கரை கலக்கப்படுவதாக நம் பகுதியில் நெடுநாளாகப் புகார் இருப்பதாலும், படித்துப் பார்க்க எழுத்தே இல்லாததாலும், ரசீது கேட்டு வாங்கும் பழக்கம் அங்குதான் மிகவும் தேவைப்படுகிறது.

பிறகு ஒவ்வொருவரும் ஒரு புகார் மனு எழுதிப் பழகட்டும். என் அனுபவத்தில், பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு எழுத்தே துணிவைத் தருகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. மாணவர்கள் சிறார் என்பதால், அவர்களுக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ மனு அளிக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் கரும்பலகையில் எழுதிவையுங்கள்.